அத்திப்பட்டு லெவல்

துப்பாக்கி இல்லை, வில்லன் இல்லை. இடக்கையில் வேகத்துக்கு ஒரு கைப்பிடி, வலக்கையில் பிரேக். 1996-இல் டைட்டோ கம்பெனி ஆர்கேடுக்கு இறக்கிய 'டென்ஷா டி கோ' என்ற ரயில் ஓட்டும் வீடியோ கேம் அவ்வளவுதான். பிளாட்பாரக் குறியைத் தாண்டி நின்றால் மார்க் போச்சு. சில விநாடி தாமதித்தாலும் போச்சு. காசு கொடுத்து டிரைவர் உத்தியோகம் பார்க்க ஜப்பானே மொய்த்தது! மோகம் தணிந்து, 2004-இல் 'ஃபைனல்' என்றே பெயர் வைத்து ஒரு பாகம் வந்தது. நம்மூர் அரசியல்வாதியின் கடைசித் தேர்தல் மாதிரி, 2017-இலும் 2020-இலும் மறுபடி வந்தது. பழைய கூட்டம்தான் வரவில்லை.

அந்த ஆட்டத்தில் நம் சென்னைக்கு வடக்கே இருக்கும் அத்திப்பட்டுக்கும் ஒரு லெவல் போட்டிருக்கலாம். கும்மிடிப்பூண்டி லோக்கல், ஆட்டம் தொடங்கியதும் சிவப்பு சிக்னல். எதிரே துறைமுகத்து நிலக்கரி கூட்ஸ், 58 வேகனோ 59 வேகனோ, கரித்தூளைத் தூவியபடி ஆடி அசைந்து போகும். திரைக்குள்ளிருந்து ஒரு குரல்: "என்னண்ணே, அவுட்டர்ல போட்டுட்டானா?" வண்டி நிற்குமுன் குதிப்பவர் நாலு பேர், எதிர்ப்பக்கம் தண்டவாளத்தில் இறங்குபவர் ஏழு பேர். விநாடிக் கணக்குக்கு இங்கே என்ன வேலை? கடிகாரத்தைக் கழற்றிவிட்டு காலண்டர் மாட்டலாம். வீடியோ கேம்களில் வழக்கமாகத் தரும் மூன்று உயிருக்குப் பதில் மூன்று சமோசா கொடுத்தால் நான் ஆட ரெடி.