விபீஷணன் தவறவிட்ட பெட்டி

வாடா தம்பி, இப்படி பெஞ்சுல உக்காரு. மாஸ்டரு, தம்பிக்கு ஒரு டீ. ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வர்றே? காலையில சிங்கப்பூர்லேர்ந்து எறங்கிட்டே, பெங்களூரு ப்ளேன் சாயங்காலந்தான், நடுவுல ஏழெட்டு மணி நேரம் திருச்சியில கெடக்கணும், அவ்வளவுதானே? இதுக்கு என்னமோ பேரு சொன்னியே, லேஓவரா? திருநெல்வேலிக்காரன் எவனோ 'லே, ஓவராப் போற'ன்னு சண்டைக்கு இழுக்கான்னுல்ல நெனச்சேன்.

நான் குண்டூர்ப் பக்கத்து ஆளு. புதுக்கோட்டை ரோட்டுல ஏர்போர்ட்டத் தாண்டினா எங்க ஊரு. ப்ளேன் சத்தம் கேக்காட்டி எங்க மாடு அசை போடாது. 2024 அக்டோபர்ல சார்ஜாவுக்குக் கெளம்பின ப்ளேன் ஒண்ணு, ஏதோ கோளாறுன்னு, 141 பேர வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரத்துக்கு மேல இந்த வானத்துலயே வட்டம் போட்டுச்சு. நாங்க வாசல்ல நின்னு அண்ணாந்து பாத்து வேண்டிக்கிட்டோம். நல்லபடியா எறங்கிட்டாங்க. அந்த 141 பேர்ல ஒருத்தரப் புடிச்சுக் கேளு, தரையில ஏழு மணி நேரம் சும்மாக் கெடக்கறது எப்பேர்ப்பட்ட கொடுப்பினைன்னு.

எங்க, அந்த போனக் காட்டு. பட்டியலா? மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருவானைக்கா, சமயபுரம், வயலூர், முக்கொம்பு, கல்லணை. பக்கத்துல நிமிசக் கணக்கு வேற. ஏம்ப்பா, முக்கொம்பு மேக்கே கெடக்கு, கல்லணை கெழக்கே கெடக்கு. ரெண்டையும் ஒரே மூச்சுல பாக்க நீ என்ன காவேரித் தண்ணியா? தண்ணிகூட ஆற அமரத்தான் வருது. ஸ்ரீரங்கத்துக்கு நாப்பது நிமிசமாம்! 156 ஏக்கரு, ஏழு பிராகாரம், 21 கோபுரம். கோபுரத்துக்கு ரெண்டு நிமிசம்னு வச்சாலே கணக்கு ஒதைக்குது, பெருமாளுக்கு எங்கேர்ந்து நிமிசம் எடுப்பே?

அதுல தெக்கு வாசல் ராஜகோபுரம், 236 அடி. எங்க காலத்துல அதுக்குப் பேரு மொட்டைக் கோபுரம். அடி நெலையோட அப்படியே நின்னு போச்சு. நானூறு வருசம் கெடந்து 1987-லதான் உச்சி பாத்துச்சு. ஒரு நாளாவது 'போர் அடிக்குது'ன்னு அது சொல்லிச்சா?

ஆமா, கழுத்துல என்னடா அது, நொகத்தடியாட்டம்? தலையணையா? டீக்கடை பெஞ்சுல குந்தியிருக்கறவனுக்குத் தலையணை எதுக்கு?

உள்ளயே உக்காந்திருக்கலாம்னு நெனச்சியாக்கும். நல்லாத்தான் கட்டியிருக்காங்க, 2024-ல தெறந்த கட்டடம். செவுத்துல கோயிலு, கோபுரமுன்னு வரைஞ்சு வச்சிருக்காங்க. நெசக் கோபுரம் காவேரிக்கு அந்தாண்ட நிக்குது. நம்ம பயலுவ படத்துக் கோபுரத்து முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்துட்டு அடுத்த ப்ளேன் ஏறிடுறானுவ. ஒருக்கா மவனப் பாக்கப் போகையில ஒரு ஏர்போர்ட்டுல காபி வாங்கினேன். எந்த ஊருன்னு கேக்காத. பில்லப் பாத்துட்டு, இதுல மாடும் சேத்தியான்னு கேட்டேன். அந்தப் பொண்ணு சிரிக்கக்கூட இல்ல.

சரி, கேளு. பட்டியல அழி. ஒரே ஒரு எடம் போ. திருவானைக்கா போ. எதுக்குன்னா மணி இப்ப ஒம்பதரை. ஒரு மணி வாக்குல அங்க நடை சாத்திருவாங்க, அதுக்குள்ள உச்சிக்காலப் பூசை வரும். அர்ச்சகரு புடவை கட்டிக்கிட்டு, அம்பாளாவே, ஆனை முன்னால போக, மேளத்தோட சாமி சன்னதிக்கு வருவாரு. அகிலாண்டேஸ்வரியே வந்து சிவனுக்குப் பூசை பண்றதா ஐதீகம். லிங்கத்தடியில எப்பவும் தண்ணி ஊறும். குனிஞ்சுதான் உள்ள போகணும், அந்த கழுத்து வளையத்தக் கழட்டிட்டுப் போ. உன் போன் பட்டியல்ல எடம் இருக்கு, இந்த நேரம் இருக்கா?

பூசை முடிஞ்சா பசிக்கும். பக்கத்துலயே பார்த்தசாரதி விலாஸ், 1943-லேர்ந்து நடக்கற கடை. நெய்த்தோசை சொல்லு. எலையில வச்ச ஒடனே போன எடுத்துப் படம் புடிச்சிக்கிட்டு நிக்காத. படத்துல நெய் மணக்காது, அதுக்குள்ள தோசை ஆறிப் போயிரும்.

போற வழியா? டவுன் பஸ் ஏறி சத்திரத்துல எறங்கி மாறு. பஸ் ஸ்டாண்டு பேரே சத்திரம், பாத்தியா? ராணி மங்கம்மா வழியெல்லாம் சத்திரம் கட்டி வச்சா. வந்தவன் திண்ணையில காலை நீட்டினான், கஞ்சி குடிச்சான், விடிஞ்சதும் நடந்தான். நீ அதையே கார்டு தேய்ச்சு உள்ள போயி லவுஞ்சுங்கிறே.

மலைக்கோட்டையா? நானூறு படிக்கு மேல. வெயிலுக்கு முன்னாடி ஏறணும், இன்னைக்கு வேணாம். கீழேர்ந்து ஒரு கும்புடு போடு. அங்க இருக்கறவருக்கும் உன் நெலமைக்கும் சம்பந்தம் உண்டு. இந்த ஊருல மொத மொதல்ல லேஓவருல மாட்டினவன் யாருன்னு நெனச்சே? விபீஷணன். ராமர்கிட்ட வாங்கின ரெங்கநாதரத் தூக்கிக்கிட்டு இலங்கைக்குப் போறான். எங்கயும் கீழ வைக்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்பியிருக்கு. வழியில காவேரியப் பாத்ததும் குளிக்க ஆசை வந்துருச்சு. கரையில நின்ன சின்னப் பயகிட்ட குடுத்து, பாத்துக்கடான்னுட்டு தண்ணியில எறங்கிட்டான். பய கீழ வச்சிட்டான். வச்சது வச்சதுதான், அசைக்க முடியல. வெரட்டிக்கிட்டு ஓடினா, பய மலை உச்சியில ஏறிக் குந்திக்கிட்டான். பாத்தா பிள்ளையாரு. கோவத்துல நெத்தியில ஒரு குட்டு, அந்தத் தழும்பு இன்னும் இருக்குன்னு சொல்வாங்க. ரெங்கநாதரு, 'அழாத, உன் ஊரப் பாத்தே படுத்துக்கிறேன்'னு தெக்கு முகமாச் சாஞ்சுட்டாரு.

முன்பின் தெரியாதவங்ககிட்ட பையக் குடுக்காதீங்கன்னு ஏர்போர்ட்டுல ஓயாம கத்துறாங்களே, அதுக்கு இங்க ஒரு மலையே சாட்சி நிக்குது. இப்ப கொழும்புக்கு இங்கேர்ந்து ஒரு மணி நேரத்துல ப்ளேன் போகுது. அன்னைக்கே அது இருந்திருந்தா அவன் குளிக்க எறங்கியிருப்பானா?

டீக்காச நான் குடுத்துக்கிறேன், நீ கெளம்பு. திரும்பறதுக்கு ஒரு மணி நேரம் வேணும், காவேரிப் பாலத்துல வண்டி நிக்கும். டிக்கெட்டும் அடையாள அட்டையும் மேல் பையில இருக்கட்டும், இல்லாட்டி வாசல்லயே நிறுத்திடுவாங்க. இம்மாம் பெரிய பெட்டிய டவுன் பஸ்ஸுல எப்படி ஏத்துவே? இங்க வச்சிட்டுப் போயேன், நான் பாத்துக்கிறேன்.

ஏண்டா அப்படி முழிக்கிறே? இந்த முட்டிய வச்சுக்கிட்டு என்னால மலையேற முடியாதுடா.