விழும், விழாது

எங்கள் லயனில் இரண்டு விஷயங்களில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. லாட்டரி என்றைக்காவது விழும். மலை என்றைக்கும் விழாது.

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டம் அது. ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக ஒட்டி நிற்கும் வீடுகள். பின்சுவருக்கு இரண்டு முழம் தள்ளிச் செங்குத்தாக வெட்டிவிட்ட செம்மண் மேடு. அதற்கு மேலே தேயிலை, அதற்கும் மேலே கற்பூர மரங்கள். ஐப்பசியில் மழை பிடித்ததும் அந்த மேட்டின் அடியில் ஓரிடத்தில் தண்ணீர் கசியும். மூங்கில் தப்பையைச் செருகி அம்மா அதைக் குடத்தில் பிடிப்பாள். குழாயடிக்கு நடக்க வேண்டாமே என்று அவளுக்கு அத்தனை சந்தோஷம். சில நாள் தண்ணீர் கலங்கலாக வரும். அன்றைக்குப் பழைய வேட்டித் துணியை மடித்துக் கட்டி வடிப்பாள்.

சம்பள நாளில் அப்பா குன்னூருக்கு ஏறுவார். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கடைகளில் கயிறு கட்டி, கிளிப் மாட்டி, சீட்டுகளைத் தோரணம் போலத் தொங்கவிட்டிருப்பார்கள். தமிழ்நாடு அரசு லாட்டரி 1968-இல், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது தொடங்கியது. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்ற வாசகம் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் மனப்பாடம். நான் விவரம் அறிந்த வயதில் சிக்கிம், நாகாலாந்து, பூட்டான் என்று நாங்கள் வரைபடத்தில்கூடப் பார்க்காத மலைகளின் சீட்டுகளும் வந்துவிட்டன. அப்பா அவசரப்பட மாட்டார். கடைசி எண்ணைப் பார்ப்பார், கூட்டிப் பார்ப்பார். “ஏழு ரொம்ப நாளா விழல, இனி விழுந்துதானே ஆகணும்” என்பார். சீட்டு அரிசி டின்னுக்குள் போகும். குலுக்கலுக்கு மறுநாள் டீக்கடைப் பேப்பரில் எண்ணைத் தேடுகிற விரல்களில் தேயிலைக் கறை இருக்கும்.

பக்கத்து வீட்டுச் சிலோன் தாத்தா மட்டும் சீட்டே வாங்கமாட்டார். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்ற மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. அவர் இந்தப் பக்கம் வந்துவிட்டார். அவருடைய அண்ணன் குடும்பம் அங்கேயே தங்கிவிட்டது. “நம்மள ஒருக்கா குலுக்கிப் போட்டாச்சு தம்பி, போதும்” என்பார். அந்தப் பேச்சு வந்தால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

நிகழ்தகவை எனக்குப் புரியவைத்தவர் பிளஸ் ஒன்னில் கணக்கு எடுத்த வாத்தியார். ஆறு இலக்கச் சீட்டு என்றால் 000000 முதல் 999999 வரை பத்து லட்சம் எண்கள். வாரம் ஒரு சீட்டு வீதம் பத்து லட்சம் வாரம் வாங்கினால் முதல் பரிசு நிச்சயம்தானே என்று கேட்டார். வகுப்பே ஆமாம் என்றது. இல்லை, நூற்றுக்கு 63 வாய்ப்புதான் என்று கரும்பலகையில் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு வாரமும் தவறுவதற்கான வாய்ப்பு பத்து லட்சத்தில் 9,99,999. அதை அதனாலேயே பெருக்கிக்கொண்டே போனால் சிறுத்துக்கொண்டே வரும், சுழியை மட்டும் தொடாது. போன வாரம் எது விழுந்தது என்று குலுக்கல் பெட்டிக்கு ஞாபகம் இருக்காது. ‘ரொம்ப நாளா விழாத ஏழு’ என்று ஒன்று அதற்குக் கிடையாது. பத்து லட்சம் வாரம் என்றால் பத்தொன்பதாயிரம் வருடத்துக்கு மேல் ஆகிறது என்று வகுத்தும் காட்டினார். முடிவே இல்லாமல் வாங்கிக்கொண்டே இருந்தால் என்று ஒருவன் கேட்டான். “அப்ப விழுந்துரும். அந்த முடிவிலி யார்கிட்ட இருக்கு, சொல்லு?” என்றார்.

அந்தக் கேள்விக்கு விடை ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. எங்கள் மலையின் அடிப்பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டு பழையது. அதன்மேல் மட்கிக் கனிந்த செம்மண், சில இடங்களில் பல மீட்டர் ஆழத்துக்கு. மழை பெய்யப் பெய்ய நீர் அந்த மண்ணின் துளைகளை நிரப்பி, உள்ளிருந்து அழுத்தி, மண்துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடியைத் தளர்த்துகிறது. அடிவாரத்தை நாம் வீட்டுக்கோ சாலைக்கோ வெட்டி எடுத்திருந்தால் மேலே இருப்பதைத் தாங்க எதுவும் இல்லை. கலங்கலாக வரும் ஊற்றுநீர், உள்ளே மண் கரைந்து நகரத் தொடங்கியதன் அடையாளமாக இருக்கலாம். அதைத்தான் நாங்கள் வடிகட்டிக் குடித்தோம்.

1978 நவம்பரில் பெருமழை. 1990 அக்டோபரில் கெத்தையில் குடும்பங்கள் மண்ணுக்குள் போயின. 1993 நவம்பரில் மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலத்தருகே மலை சரிந்து பலரைக் கொண்டுபோனது. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, ஊட்டி சுற்றுவட்டாரம் எங்கும் சரிவுகள், 40 பேருக்கு மேல் சாவு. கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை. ஊட்டிக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பதே நூறு, நூற்றிருபது செ.மீ. அளவில்தான். பத்தே ஆண்டில், 2019 ஆகஸ்டில், அவலாஞ்சியில் மறுபடி ஒரே நாளில் 80-ஐத் தாண்டியது. ஒவ்வொரு முறையும் ஒரே பேச்சு: “நூறு வருஷத்துல இல்லாத மழை.” அதற்கு அடுத்த வாக்கியம்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும்: “வந்துருச்சுல்ல, இனி நம்ம காலத்துல வராது.” அப்பாவின் ஏழு எண் கதை, தலைகீழாக.

மழைக்கணக்கு போடுகிறவர்கள் நூறாண்டு மழை என்று சொல்வது, நூறு வருடம் காத்திருந்து வருகிற மழையை அல்ல. எந்த ஓர் ஆண்டிலும் அது வர நூற்றில் ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். போன வருடம் வந்திருந்தாலும் இந்த வருடமும் அதே ஒன்று. வாத்தியாரின் பெருக்கலை இதற்குப் போட்டுப் பாருங்கள்: நூறு ஆண்டில் வருவதற்கான வாய்ப்பு அதே 63. லாட்டரிக்குப் பத்தொன்பதாயிரம் வருடம் ஆனது, மழைக்கு நூறே வருடம். ஒருவர் ஐம்பது வருடம் விடாமல் வாரம் ஒரு சீட்டு வாங்கினால் முதல் பரிசு கிடைக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்றைத் தொடாது. அதே ஐம்பது வருடம் அந்த லயனில் குடியிருந்தால் நூறாண்டு மழை தலைமேல் பெய்யும் வாய்ப்பு நூற்றில் 39-க்கு மேல். ஏறக்குறைய நூற்றைம்பது மடங்கு. மழை பெய்தால் மேடு சரிந்தே தீரும் என்று இல்லைதான். ஆனால் சிறிய வாய்ப்பை எதிர்பார்த்து அரிசி டின்னைத் திறந்து திறந்து பார்த்த அதே வீட்டில், இவ்வளவு பெரிய வாய்ப்புக்கு முதுகைக் காட்டிப் படுத்துத் தூங்கினோம். மனிதர்கள் கணக்கில் மட்டம் என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. நாள்கூலியில் பிழைக்கிறவனுக்கு நம்புவதற்கு ஒரு எண் வேண்டியிருந்தது. பயப்படுவதற்கு ஒரு எண்ணை யாரும் அவன் கையில் கொடுக்கவில்லை.

குலுக்கல் பெட்டியின் வாய்ப்பை யாராலும் மாற்ற முடியாது. சாமி படத்தடியில் வைத்தாலும் பத்து லட்சத்தில் ஒன்று பத்து லட்சத்தில் ஒன்றுதான். மேட்டின் வாய்ப்பு அப்படியல்ல. மேலே ஒரு வாய்க்கால் வெட்டி மழைநீரைத் திருப்பினால் அது குறைகிறது. தண்ணீர் வெளியேறத் துளைவிட்டுத் தடுப்புச்சுவர் கட்டினால் இன்னும் குறைகிறது. அடியை வெட்டினால் ஏறுகிறது. செப்டிக் டேங்க் தண்ணீரைச் சரிவுக்குள் இறக்கினாலும் ஏறுகிறது. மாற்றவே முடியாத வாய்ப்புக்கு வேண்டுதல் வைத்தோம். மாற்றக்கூடியதை விதி என்று விட்டுவிட்டோம். இதற்குள் வானமும் மாறிக்கொண்டிருக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரம் தாங்கும் என்கிறது இயற்பியல். பழைய நூறாண்டு மழை இனி நூறாண்டு மழையாகவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனை தடைசெய்யப்பட்டது. தோரணங்கள் ஒரே வாரத்தில் காணாமல் போயின. கூடலூர் வழியாக நாடுகாணி தாண்டிக் கேரளத்து வழிக்கடவுக்கு இறங்கினால் இன்றும் வாங்கலாம். ஓணம் பம்பரின் முதல் பரிசு 2022-இலிருந்து 25 கோடி. பிறகு செல்போனிலேயே ரம்மி வந்தது, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கும் தடைச் சட்டம் கொண்டுவந்தது. ஆசைக்குச் சட்டம் போட்டுவிட்டோம்.

என் தம்பி மகன் கோத்தகிரிப் பக்கம் வீடு கட்டுகிறான். தோட்ட வேலைக்குப் போகாத முதல் தலைமுறை, இருபது வருட வங்கிக் கடன். பின்பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் வெட்டிய மேடு.

“ஐம்பது வருஷமா ஒண்ணும் ஆகலையாம் பெரியப்பா, இடம் வித்தவர் சொன்னாரு” என்றான்.

“உன் கடன் முடியறதுக்குள்ள நூறாண்டு மழை ஒண்ணு வர என்ன வாய்ப்பு, போனில் போட்டுப் பாரு. பாயிண்ட் தொண்ணூத்தொன்பதை இருபது தடவை பெருக்கு.”

பெருக்கினான். ஒன்றிலிருந்து கழித்தான். 18 சதவீதம். பகடையை ஒரு தடவை உருட்டி ஆறு விழுவதைவிட அதிகம் என்றேன். சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மாடியில் போடவிருந்த ஓர் அறையை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தில் தடுப்புச்சுவரும் மேலே ஒரு வடிகாலும் போட மதிப்பீடு கேட்டிருக்கிறான். வடிகால் தண்ணீரைச் சாலையோரக் கால்வாய் வரை கொண்டுபோயாக வேண்டும். பாதியில் விட்டால் கீழ்வீட்டுக்காரரின் மேட்டில் இறங்கி அவருடைய வாய்ப்பை ஏற்றிவிடும். குழாய் அவர் நிலத்தின் ஓரமாகப் போக வேண்டும் என்பதால், வரும் ஞாயிற்றுக்கிழமை இருவருமாக அவரிடம் பேசப் போகிறோம்.