குரல்லயே தெரிஞ்சுடும்

கல் மாமாவின் வலது கையில் நாலு மோதிரம் ஆகிவிட்டது. ஐந்தாவது கூரியரில் வந்துகொண்டிருக்கிறது. என்ன கல், எந்தக் கிரகத்துக்கு என்று கேட்டுவிடாதீர்கள்; அன்றைய பொழுது போய்விடும். விற்றது யார் என்றும் கேட்காதீர்கள். மறுநாள் பொழுதும் போய்விடும். "தங்கமான மனுஷன்டா. குரல்லயே தெரிஞ்சுடும்" என்று ஆரம்பிப்பார். அந்தத் தங்கத்தை மாமா நேரில் பார்த்தது கிடையாது. பழக்கமெல்லாம் வாட்ஸ்அப்பில்தான்.

மற்றவர்கள் கல் வாங்கினால் கல்லைப் பார்ப்பார்கள். மாமா ஆளைப் பார்ப்பார். ஆள் ஜெய்ப்பூரில் இருப்பதால் குரலைக் கேட்பார். ரயில்வேயில் டிடிஆராக இருந்தவர். டிக்கெட் இல்லாதவனைப் பெட்டியின் அந்தக் கோடியிலிருந்தே கண்டுபிடித்துவிடுவாராம். அந்தத் திறமை ஓய்வுக்குப் பிறகு வீணாகக் கூடாதென்று, கல் விற்கிறவர்களுக்கு நேர்காணல் நடத்துகிறார்.

நேர்காணல் நடப்பது முக்கொம்பில். ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் மாமி ஜமுக்காளத்தை விரித்துப் புளியோதரைத் தூக்கைத் திறப்பதற்குள், மாமா போனும் கையுமாக மேலணைப் பக்கம் நடந்துவிடுவார். "காவேரியும் கொள்ளிடமும் பிரியற எடம்டா. இங்க நின்னு பேசினா பொய் வராது" என்பது அவர் கட்சி. இங்கே நிற்பது மாமா. பேசுகிறவன் நிற்பது ராஜஸ்தானில்.

முதல் கேள்வி, பூர்வீகம் எது. இரண்டாவது, தோப்பனார் என்ன பண்ணினார். மூன்றாவது, வெங்காயம், பூண்டு உண்டா. நாலாவது, ஸ்ரீரங்கம் வந்ததுண்டா. எல்லாம் நாக்பூர் போஸ்டிங்கில் கற்றுக்கொண்ட இந்தியில். போன தடவை மாட்டியவன் நாலாவது கேள்விக்குச் சற்று மௌனமாக இருந்துவிட்டு, "அவன் கூப்பிடணுமே, சாஹேப்" என்றானாம். மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நின்ற இடத்திலேயே கனக புஷ்பராகத்துக்கு ஜி-பே பண்ணிவிட்டுத்தான் புளியோதரைக்கு வந்தார்.

இந்த நேர்காணலில் இதுவரை யாரும் தோற்றதில்லை. விலையைக் குறைத்தால் பெருந்தன்மை. குறைக்காவிட்டால் "ஒரே வார்த்தை பேசறவன்". உடனே பதில் போட்டால் பொறுப்பானவன், மூன்று நாள் கழித்துப் போட்டால் "வியாபாரம் ஓஹோன்னு நடக்கறது, அவன் எதுக்குடா பொய் சொல்லணும்?" முழுப் பணத்தையும் முன்னாலேயே கேட்டால் "மனசுல ஒண்ணு, வெளில ஒண்ணு கிடையாது, பாத்தியா?" டிபியில் பெருமாள் இருந்தால் பக்திமான், குழந்தை இருந்தால் குடும்பஸ்தன், ஒன்றுமே இல்லாவிட்டால் விளம்பரம் பிடிக்காதவன்.

கல் இயற்கையா, செயற்கையா? சூடுபடுத்தியதா? விரிசலில் ஏதாவது நிரப்பியிருக்கிறதா? எந்த ஆய்வகம் பார்த்தது, அறிக்கை எண் என்ன? எத்தனை நாளுக்குள் திருப்பி அனுப்பலாம்? பில் உண்டா, கடை எந்தத் தெருவில்? இதில் ஒன்றைக்கூட மாமா கேட்டதில்லை. ஏன் என்றால், "மனுஷாளைச் சந்தேகப்படப்படாதுடா" என்பார். சொல்கிறவர், உத்தர வீதிக் காய்கறி வண்டியில் ஒவ்வொரு வெண்டைக்காயின் நுனியையும் ஒடித்துப் பார்ப்பவர். காய்க்காரம்மாவிடம் பூர்வீகம் விசாரித்ததாகத் தகவல் இல்லை.

மாமிக்கு வந்த மாணிக்கத்தைச் சொல்ல வேண்டும். பெரிய கல், ரத்தச் சிவப்பு, கொள்ளை மலிவு. மாமி அந்த மோதிரத்தோடு ஊறுகாய்க்கு எலுமிச்சம்பழம் பிழிந்தார். சில நாளில் கல் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கோடு ஓடிவிட்டது. மட்டமான மாணிக்கத்தின் விரிசல்களில் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பிப் பளபளப்பாக்குவது 2004 வாக்கில் சந்தைக்கு வந்த வித்தை. நல்ல மாணிக்கம் மோஸ் கடின அளவில் 9. எலுமிச்சை அதை ஒன்றும் செய்யாது. நிரப்பிய கண்ணாடியை அந்தச் சாறே அரித்துவிடும்.

மாமாவின் தீர்ப்பு: "மாமி மேல இருந்த திருஷ்டியைக் கல்லு வாங்கிண்டுடுத்து." கண்ணாடி விஷயத்தை எடுத்துச் சொன்னேன். அவர் கொள்ளிடத்தைக் காட்டினார். "1836-ல காட்டன் துரை கட்டின அணை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல ஒம்பது மதகு அடிச்சிண்டு போகலையா? அதுக்காக அவரைத் திருடன்னு சொல்லுவியோ?" காட்டன் துரையின் மதகு 182 வருஷம் தாங்கியது. மாணிக்கம் ஒரு ஜாடி ஊறுகாய்க்குத் தாங்கவில்லை.

சர்டிபிகேட் இல்லாமல் இல்லை. ஏடிஎம் கார்டு அளவு, லேமினேஷன், தங்க எழுத்தில் '100 சதவீதம் ஒரிஜினல்'. கொடுத்த ஆய்வகத்தின் பெயரும் கடையின் பெயரும் ஒன்றே. ஜெய்ப்பூரிலேயே நகை ஏற்றுமதி வளர்ச்சிக் கவுன்சில் 1972-ல் தொடங்கிய கல் பரிசோதனை ஆய்வகம் இருக்கிறது. நல்ல ஆய்வகத்தின் அறிக்கை இயற்கையா செயற்கையா, என்ன பக்குவம் செய்யப்பட்டது, எத்தனை கேரட் என்று சொல்லும். ஒரு கேரட் 200 மில்லிகிராம். எண்ணைப் போட்டால் ஆய்வகத்தின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். மாமாவோ மோதிரத்தைத் திருப்பி ஹால்மார்க்கைக் காட்டுவார். அது தங்கத்துக்கு. கல்லைப் பற்றி அந்த முத்திரை வாயே திறக்காது.

இத்தனைக்கும் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுவதில் பேர்போன ஊர் திருச்சி. இங்கேயும் சுற்றுவட்டக் கிராமங்களிலும் வீட்டுக்கு வீடு பட்டறை போட்டு உட்கார்ந்தவர்கள், செயற்கை வைரம் என்று சொல்லியே தொழில் செய்தார்கள். வெர்னாய் என்ற பிரெஞ்சுக்காரர் உலையில் மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902-ல் வெளியிட்டுவிட்டார். ரசாயனப்படி மண்ணில் விளைந்ததும் அதுவும் ஒன்றே. உள்ளே வளர்ச்சிக் கோடு வளைந்திருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்ல வேண்டும். விற்றவனின் குரலில் அந்தக் கோடு தெரியாது.

மாமாவுக்கு மிகப் பிடித்த கதை ஓர்லோவ் வைரம். ஸ்ரீரங்கத்தில் சிலையின் கண்ணாக இருந்ததாம். 18-ம் நூற்றாண்டில் படையை விட்டு ஓடிவந்த ஒரு பிரெஞ்சுச் சிப்பாய், பக்தன் வேஷம் போட்டு, கோயில்காரர்களின் நம்பிக்கையைச் சம்பாதித்து உள்ளே புகுந்து பெயர்த்துக்கொண்டு போனானாம். நடந்ததோ கட்டியதோ, அந்தப் பெயருடைய வைரம் இன்று மாஸ்கோ கிரெம்ளினில் இருக்கிறது. எடை 190 கேரட்டுக்குக் கொஞ்சம் குறைவு. "எப்பேர்ப்பட்ட பக்தன் மாதிரி நடிச்சிருக்கான் படுபாவி!" என்று மாமா பல்லைக் கடிக்கும்போது போன் அடிக்கும். "ஜெய் ஸ்ரீ கிருஷ்ணா" என்று ஜெய்ப்பூர் சொல்லும். மாமாவின் முகம் குளிர்ந்துவிடும்.

மாமா கெட்டவர் இல்லை. வீட்டில் உள்ள கல்லில் பாதி அடுத்தவர்களுக்காக வாங்கியது. பேரனுக்குப் பேச்சு வரத் தாமதமானபோது மரகதம் வாங்கினார். தினமும் மடியில் உட்காரவைத்துக் கதையும் சொன்னார். பையன் இப்போது வாய் ஓயாமல் பேசுகிறான். பெருமை மரகதத்துக்குப் போய்விட்டது.

ஆனால் எதிர் வீட்டு மாடியில் குடியிருக்கும் அம்மா, பெண்ணுக்கு வரன் தட்டிப்போகிறது என்று ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னார். மாமா அந்தத் தங்கமான மனுஷனின் நம்பரைக் கொடுத்தார். அந்த அம்மா சீட்டை எடுத்துப் பணம் அனுப்பினார். வந்ததை ஆய்வகத்தில் காட்டினால் மஞ்சள் கண்ணாடி. நம்பர் ஸ்விட்ச் ஆஃப். மாமா சொன்னது: "பாவம், அவனுக்கு என்ன கஷ்டமோ!"

இதற்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. தான் ஏமாந்தால் வெளியே சொல்ல வெட்கம். அடுத்தவர் ஏமாந்தால் கிரக சஞ்சாரம். இந்த வெட்கத்தை முதலாகப் போட்டுத்தான் அவன் வியாபாரமே நடக்கிறது.

2020-ம் வருஷத்து மின்வணிக விதிகளின்படி, விற்பனைத் தளங்கள் விற்பவரின் பெயரையும் முகவரியையும் திருப்பி வாங்கும் நிபந்தனையையும் காட்டியாக வேண்டும்; வந்த புகாருக்கு 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும். இதெல்லாம் இல்லாமல் வெறும் வாட்ஸ்அப் நம்பரோடு வருகிறவனிடம் கல் வாங்காதீர்கள். வாங்கித் தகராறானால் நுகர்வோர் உதவி எண் 1915. பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டால் அன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண் 1930.

மாமா, இது உங்களைப் பற்றித்தான். எதிர் வீட்டு அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 1930-க்குப் போன் போடுங்கள். எடுக்கிறவரின் பூர்வீகம் கேட்க வேண்டாம். பணம் அனுப்பிய பரிவர்த்தனை எண்ணைச் சொன்னால் போதும்.