அலைமேல் ஒரு குடித்தனம்

நான் இணுவில்காரன். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. எங்கள் ஊரில் கடலும் இல்லை. கிணறு உண்டு. அதில் அலை எழும்பி நான் கண்டதில்லை. மனைவியோ வல்வெட்டித்துறை. அந்த ஊரில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல், அந்த ஊர் மாலுமிகளோடு 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. ஆகவே வீட்டில் கடல் பற்றிப் பேச்சு எழுந்தால் நான் மிளகாய்க்கன்று பற்றிச் சிந்திக்கத் தொடங்குவேன். இந்த ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்டத்தான், ரொறன்ரோவுக்கு வந்து தலை நரைத்த பிறகு, 25 அடி நீளமான பழைய கபின் குரூசர் படகு ஒன்றை வாங்கினேன்.

படகு பார்க்கப் போன அன்று வீட்டார் கேட்டவை ஐந்து: நிமிர்ந்து நிற்க உயரம், கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, பூட்டக்கூடிய கழிப்பறை. ஐந்தும் இருந்தன. படகு ஓடப்போகும் ஒன்ராறியோ ஏரி கேட்பதெல்லாம் இவற்றுக்கு நேர்மாறு என்பதை விற்றவர் சொல்லவில்லை. நாங்களும் ஏரியிடம் விசாரிக்கவில்லை. ஆள் நிமிர்ந்து நிற்க வேண்டுமென்றால் சுவர் உயர வேண்டும். சுவர் உயர்ந்தால் காற்றுக்கு அது பாய். படகுத்துறைக்குள் மெதுவாகத் திரும்பும்போது சுக்கான் என் கையில் இருக்கும். படகு காற்றின் கையில் இருக்கும்.

அடிப்பாகத்திலும் இதே கதைதான். 1960இல் மயாமியிலிருந்து பஹாமாஸின் நசாவுக்கு நடந்த படகுப் பந்தயத்தில், ரே ஹன்ட் வடிவமைத்த 'மொப்பி' என்ற படகு கொந்தளித்த கடலைக் கிழித்துக்கொண்டு முதலில் வந்தது. அதன் அடிப்பாகம் பின்பக்கம் வரை ஏறத்தாழ 24 பாகைச் சரிவில் கூராக இருந்ததே காரணம். அப்படிக் கூரான படகு நிறுத்தி வைத்தால் உருளும். தேத்தண்ணி ஊற்ற முடியாது. எனவே குடும்பப் படகுகளுக்குப் பின்பக்கத்தைச் சற்றே தட்டையாக்குகிறார்கள். கோப்பை நிற்கிறது. எதிரலையில் முதுகெலும்பு நிற்பதில்லை.

அலையென்றால் கடலில்தான் என்று இங்கே வந்த புதிதில் நம்பியிருந்தேன். ஒன்ராறியோ ஏரி 311 கிலோமீட்டர் நீளம். கிழக்குக் காற்று, ஊர்ப்பேச்சில் கொண்டல், அதில் பெரும்பகுதியைக் கடந்து, அலையை வளர்த்துக்கொண்டு வந்து ரொறன்ரோக் கரையில் இறக்கும். பெருங்கடலில் தூரத்திலிருந்து வரும் அலைகளுக்கு இடையே பத்து வினாடிக்கு மேலும் இருக்கும். படகு ஏறி, மூச்சு வாங்கி, இறங்கலாம். ஏரி அலை நாலைந்து வினாடிக்கு ஒன்று, செங்குத்தாக வரும். முதல் அடிக்கு நான் 'ஐயோ' சொல்லி முடிக்குமுன் அடுத்தது வந்துவிடும்.

வானிலை அறிக்கை கேட்டுத்தான் போவோம். காற்று 20 நொட்டை எட்டுமென்றால் பலத்த காற்று எச்சரிக்கை. 34இல் கடுங்காற்று எச்சரிக்கை. அலை ஒரு மீற்றர் என்று சொன்னால் எனக்குத் துணிவு வரும். அந்த ஒரு மீற்றர், உயரமான மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரிதான். இடையிடையே அதைப்போல் இரண்டு மடங்கும் வரலாம். வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகளின் புள்ளியை மட்டும் கூட்டிச் சராசரி எடுத்த பிறகும், அதையும் மிஞ்சி ஒரு பிள்ளை எழும்பி நிற்பது மாதிரி. அந்தப் பிள்ளையை எப்போதும் நான்தான் சந்திப்பேன்.

கனடாவில் இயந்திரப் படகு ஓட்ட ஓர் அட்டை வேண்டும். பல்தேர்வு வினாக்களுக்கு விடை எழுதி எடுத்தேன். அலையோ நாலு விடை தந்து ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்வதில்லை. எதிரலையென்றால் வேகத்தைக் குறைத்து, தண்ணீருக்குள் இருக்கும் எஞ்சின் காலை உள்ளே இழுத்து, படகின் முன்முனையான அணியத்தைத் தாழ்த்தி, அலையைக் கொஞ்சம் சரிவாக வெட்ட வேண்டும். பின்னலையென்றால் எல்லாம் தலைகீழ்: அணியத்தை உயர்த்தி, முன்னால் போகும் அலையின் முதுகில் தங்கிப் போக வேண்டும். அதை முந்தினால் அணியம் தண்ணீரில் குத்தும், பின்பக்கம் சுழலும், படகு பக்கவாட்டில் புரளப் பார்க்கும். பக்க அலையென்றால் வளைந்து வளைந்து போக வேண்டும். இவ்வளவையும் ஞாபகப்படுத்துவதற்குள், "இஞ்சேருங்கோ, கொண்டல் கிளம்புது, திருப்புங்கோ" என்பாள் மனைவி. அவள் சொல்லிச் சற்று நேரத்தின் பின் வானொலியும் அதையே சொல்லும்.

எல்லாரும் உயிர்காப்பு அங்கியோடு இருப்போம். மாமி வெளியே அமர்ந்து தொடுவானத்தைப் பார்த்து வெற்றிலை போடுவார். நான் கபினுக்குள் வரைபடம் பார்க்கப் போவேன். உள்ளே கண்ணுக்குச் சுவர் அசையாமல் தெரியும். உள்காதோ நாம் ஆடுகிறோம் என்று முறையிடும். இரண்டுக்கும் நடக்கும் வழக்கில் தீர்ப்பு வயிற்றுக்கு வரும். பூட்டக்கூடிய கழிப்பறையின் பெறுமதி அப்போதுதான் புலப்படும். "தம்பி, வெளிய வந்து தூரத்தைப் பாருங்கோ" என்று மாமி அங்கிருந்தே வைத்தியம் சொல்வார்.

எஞ்சினுக்கும் இதே வியாதி உண்டு. அமைதியான நாளில் எரிபொருள் தாங்கியின் அடியில் உறங்கும் கசடு, குலுக்கலில் எழும்பி வடிகட்டியை அடைக்கும். ஆகவே எஞ்சின் நிற்பதென்றால் அலை எழும்பும் நாளில்தான் நிற்கும். மேலதிக வடிகட்டி வைத்திருக்கிறேன். அதை மாற்றத் தெரிந்தவள் மனைவி.

இதற்கெல்லாம் எங்கள் குடும்பம் ஒரு தீர்வு கண்டிருக்கிறது. எச்சரிக்கை வந்த ஞாயிறுகளில் கயிறுகளை இரட்டிப்பாகக் கட்டி, படகைத் துறையிலேயே வைத்திருப்போம். இடியப்பம், சொதி, ஆட்டிறைச்சிக் கறியோடு சொந்தக்காரர் வருவார்கள். நிமிர்ந்து நிற்கிறார்கள், கட்டிலில் சாய்கிறார்கள், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து திறந்து மூடுகிறார்கள். காசு கொடுத்த ஐந்தும் அன்றுதான் ஒழுங்காக வேலை செய்கின்றன. இப்போது காற்று அடித்தால்தான் விருந்து என்றாகிவிட்டது. போன ஞாயிறு ஏரியில் ஒரு சலனமும் இல்லை. மச்சான் கறிச்சட்டியோடு துறையிலேயே தயங்கி நின்றார்.

"அத்தான், உண்மையைச் சொல்லுங்கோ. இண்டைக்குப் படகை ஓட்டப் போறியளோ?"