பிள்ளை பெற்ற வீடு

எங்கள் பாளையங்கோட்டைத் தெரு மன்றத்தார் முதன்முதலில் கூந்தன்குளம் போனது 1996 மாசியில். அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. வேனில் 22 பேர், தூக்குவாளியில் புளியோதரை, ஒரு டேப் ரெக்கார்டர். மூலைக்கரைப்பட்டி தாண்டியும் பாட்டு ஓயவில்லை.

குளத்தில்தான் பறவை என்று நினைத்திருந்தோம். ஊருக்குள்ளேயே, வீட்டு வேம்பிலும் புளியிலும் சங்குவளை நாரைகள் கூடு கட்டியிருந்தன. ஓட்டுக்கூரைகளில் சுண்ணாம்பு தெளித்ததுபோல எச்சம். பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஒரு மரத்து நாரைகள் மொத்தமும் எழும்பின. திண்ணையிலிருந்த ஆச்சி இறங்கி வந்தாள்.

“ஏய்யா, பிள்ள பெத்த வீட்டுல வந்து இப்படியா கூப்பாடு போடுவிய? தீவாளிக்கே நாங்க வெடி போட மாட்டோம்.”

நான்தான் பாட்டை நிறுத்தினேன். முகம் எரிந்தது.

முற்றத்தில் துணி காயப்போட முடியாது. கூட்டிலிருந்து விழும் மீன் அழுகி நாறும். இருந்தும் அந்த ஊரில் யாரும் கல்லெடுத்ததில்லை. பறவை வந்தால் மழை வரும், மகசூல் வரும் என்பார்கள். எச்சம் கரைந்த வண்டலை அள்ளி வயலுக்குப் போடுவார்கள். தவறி விழுந்த குஞ்சுகளுக்கு மீன் ஊட்டி வளர்த்த பால்பாண்டி அந்த ஊர்க்காரர்தான். 1994இல் வந்தது அறிவிப்பு மட்டும். அடைக்கலம் கொடுத்தது இந்த வீடுகள்.

போன மாசியில் மறுபடி போனோம். அன்று கூச்சலிட்ட பிள்ளைகள் இப்போது தங்கள் பிள்ளைகளோடு வந்தார்கள். தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011 முதல் ஜனவரிதோறும் நடக்கிறது. அதில் பழகிய இருவர் கூழைக்கடாவையும் கரண்டிவாயனையும் சின்னவர்களுக்குக் காட்டினார்கள். வேனில் பாட்டு இல்லை. எனக்கு நிறைவாக இருந்தது.

ஊருக்குள் வந்ததும் எங்களில் ஒருவர் இன்னொருவரிடம் செல்போனை உயர்த்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, பறக்கும் படம் வேண்டுமென்று கையை ஓங்கித் தட்டினார். மரம் அதிர்ந்தது. கூடுகளில் குஞ்சுகள் மட்டும் வெயிலில் நின்றன. ஆச்சி இருந்த திண்ணையைப் பார்த்தேன். அங்கே இப்போது இரும்புக் கதவு. தட்டியவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் சொன்னதை நானே சொன்னேன்.

தாய் நாரைகள் ஒவ்வொன்றாய்த் திரும்பிவர வெகுநேரமாயிற்று. அதுவரை வேனை எடுக்கவிடவில்லை.