பாலர் வகுப்புத் தகப்பனார்

பரீட்சைக்குப் பயப்படுகிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் பரீட்சையே இல்லாத ஒரு வகுப்பை நினைத்து இராத்திரியெல்லாம் உறக்கமின்றிப் புரளுகிற பிரகிருதி ஒருவர் உண்டென்றால், அவர் எல்.கே.ஜி.யில் பிள்ளையைச் சேர்த்துவிட்ட தகப்பனார்தாம். அவருடைய புத்திர ரத்தினத்துக்கு நான்கு வயது நிறையவில்லை. மூக்கைச் சிந்தத் தெரியாது. செருப்பைக் கால் மாற்றித்தான் மாட்டிக்கொள்ளும். ஆயினும் அது ஜில்லா கலெக்டராவதற்கு இன்னும் இருபத்தைந்து வருஷங்களே பாக்கி என்ற விசாரம் அவரை அல்லும் பகலும் வாட்டுகிறது.

பள்ளிக்கூட வாசலில், குழந்தை வெளியே வந்ததும் வராததுமாக, விசாரணை ஆரம்பமாகிவிடும்.

"இன்னிக்கு மிஸ் என்ன சொல்லிக் கொடுத்தாங்க, கண்ணா?"

"மண்ணுல வெளையாடினோம்."

"அதுக்கப்புறம்?"

"தண்ணியில வெளையாடினோம்."

கட்டிய சம்பளமெல்லாம் மண்ணாகி, மிச்சம் தண்ணீரில் கரைந்துபோவதைப் பிரத்தியட்சமாகக் கண்ட அவர், நேரே தலைமையாசிரியையிடம் போய் நிற்பார். அந்த அம்மாளும் நிதானமாக எடுத்துச் சொல்வார்: மண்ணைக் குழைத்துப் பிசைகிற விரல்களுக்குத்தான் பென்சில் பிடிக்கும் வலு வரும், வாளித் தண்ணீரைத் தம்ளர் தம்ளராக மொண்டு ஊற்றுகிற பிள்ளைதான் அளவை என்பதை அறியும், 1907-இல் ரோமாபுரியில் ஏழைத் தொழிலாளர் வீட்டுக் குழந்தைகளை வைத்துக்கொண்டு, கையால் தொட்டுச் செய்வதே பாலர் கல்வி என்று கண்டறிந்த மரியா மாண்டிசோரி அம்மையார், 1939-இல் நம்முடைய சென்னை அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்திருக்கிறார். இவ்வளவையும் பயபக்தியோடு கேட்டு முடித்த தகப்பனார், "அதெல்லாம் வாஸ்தவந்தான், மேடம், ஹோம்வொர்க் எப்போ ஆரம்பிப்பீங்க?" என்பார்.

அவர் வீட்டில் விளையாட்டுச் சாமான்களுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. அறிவை விருத்தி செய்யும் என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருந்த காரணத்தால் வாங்கப்பட்ட கட்டைகளும் சக்கரங்களும், மேலுறை பிரியாமல், பீரோவின் உச்சியில் பத்திரமாக வீற்றிருக்கின்றன. குழந்தை கையில் கொடுத்தால் உடைத்துவிடும் அல்லவா?

ஆகையால் அது, பாட்டி வாங்கித் தந்த மரச் சொப்புகளைக் கூடத்தில் பரப்பிக்கொண்டு விருந்து நடத்தும். பாட்டிக்கு ஒரு மூடி, அம்மாவுக்கு ஒரு மூடி, கரடி பொம்மைக்கு ஒரு மூடி, அப்பாவுக்கு ஒரு மூடி. மூடிக்கு மூன்று புளியங்கொட்டை லட்டு. அப்பாவின் முறை வந்தபோது கையில் ஒரே லட்டுதான் மிஞ்சியது. ஒரு கணம் யோசித்த குழந்தை, "கரடிக்கு வயிறு சரியில்ல" என்று தீர்ப்பளித்து, அதன் பங்கிலிருந்து இரண்டை எடுத்து அப்பாவின் கணக்கை நேர் செய்தது.

அந்தச் சமயத்தில்தான் தகப்பனார் சிலேட்டும் கையுமாக உள்ளே பிரவேசித்தார்.

"வெளையாடினது போதும். ஒண்ணும் ரெண்டும் எத்தனை, சொல்லு?"

குழந்தை பேந்தப் பேந்த விழித்தது.

"பார்த்தியாடி உன் பிள்ளை லட்சணத்தை! கணக்கே வரமாட்டேங்குது!" என்று சமையலறைப் பக்கம் திரும்பிப் பிரலாபித்தார், மூன்று லட்டுக்கு உடையவரான அந்தப் புண்ணியவான்.

கணக்கு மட்டுமா? பந்தி விசாரிக்கிற பேச்சும், பிறர் பங்கை மறவாத தர்மமும், பற்றாக்குறைக்குப் பரிகாரம் தேடுகிற யுக்தியும் அந்த நான்கு மூடிகளுக்குள் அடங்கிக் கிடந்தன. சிலேட்டில் இல்லாத காரணத்தால் அவை அவர் கண்ணில் படவில்லை.

ஆகவே, தகப்பனார்களே, பீரோ உச்சியில் இருப்பதைக் கீழே இறக்குங்கள். பட்டாணி உரிக்கவும், துவைத்த காலுறைகளை ஜோடி சேர்க்கவும் குழந்தையையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். அது விருந்துக்கு அழைத்தால் கேள்வி கேட்காமல் கரடிக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, போட்டதைச் சாப்பிட்டு, இன்னும் இரண்டு லட்டு வேண்டும் என்று கேளுங்கள். அது சரியாக எண்ணிப் போடும்.