சோம்பேறியா இரு, கண்ணு

வா சாமி, உக்காரு. 11 கலர்ல படம் போட்டிருக்கறயாமா? பலே! திருப்பூருல டேபிள் பிரிண்டிங் வெச்சிருக்கறவங்க எல்லாம் உனக்கு மாலை வாங்கி வெச்சுட்டு நிக்கறாங்க போ. 11 கலர்னா 11 ஃபிலிம், 11 ஃபிரேம். 1000 பனியனுக்கு ஆர்டர்னா, கலருக்கு ஒருக்கா இழுத்தாலும் 11,000 இழுப்பு. நீ மவுசை ஒரு தட்டுத் தட்டிட்டே. ஸ்குவீஜி புடிக்கறவனுக்குத் தைலம் நீயா வாங்கித் தரப்போறே?

நான் சொல்றது ஒண்ணுதான், நெம்பச் சுறுசுறுப்பா இருக்காதே. கம்ப்யூட்டர் வராத காலத்துல ஆர்ட்டிஸ்ட்டு படத்து மேல ட்ரேசிங் ஷீட்டை விரிச்சு, கலருக்கு ஒரு ஷீட்டுன்னு கருப்பு மையில கையால எழுதுவாரு. அஞ்சாவது ஷீட்டை எடுக்கறப்பவே மணிக்கட்டு வலிக்கும். "இந்த ரோஸ் கலர் இல்லாட்டி பனியன் கிழிஞ்சா போயிரும்?"னு தனக்குத்தானே கேட்டுட்டு மூடி வெச்சுருவாரு. படம் எடுப்பாத்தான் வரும். உனக்கு மணிக்கட்டு வலிக்கறதில்ல, அதுதான் உன்ற வியாதி.

இந்த மொகத்துல காப்பி கலர் மூணு வெச்சிருக்கறயே, எதுக்கு? அடர்த்தியா ஒண்ணு வெச்சுக்க. வெளுத்து வரவேண்டிய எடத்துல அதையே புள்ளியாக் கொறைச்சுரு. கண்ணு கலந்துக்கும். ரெண்டு ஃபிலிம் மிச்சம்.

அதை விடு, அடிக்கறது கருப்பு பனியன் மேல. நீ கருப்புக்கும் ஒரு ஃபிலிம் எடுத்திருக்கறே! கருப்பு மேல கருப்பு. சாயப்பட்டறைக்காரன் வேணுங்கற கருப்பை உனக்கு இனாமாக் குடுத்திருக்கறான். மத்த கலரெல்லாம் அந்த எடத்தை ஒதுங்கி விட்டாப் போதும், முடி, மீசை, கண்ணு முழி எல்லாம் தானா வந்துரும். ஒண்ணுமே அடிக்காம மீசை வெக்கறதுக்கு எத்தன சாமர்த்தியம் வேணும் பாரு!

ஒயிட் பேஸ் போட்டிருக்கறே, அது சரி. கருப்புத் துணியில செவப்பை நேரா அடிச்சா பழைய செங்கல்லு கலருக்குப் போயிரும். அடியில வெள்ளை அடிச்சு, சூடு காட்டிக் காய வெச்சு, அதுக்கு மேல அடிச்சாத்தான் செவப்பு செவப்பா நிக்கும். ஆனா மேல இருக்கற செவப்பும் அடியில இருக்கற வெள்ளையும் ஒரே அளவா வெட்டியிருக்கறயே! இது பனியன் துணி, இழுபடும். ஃபிரேமும் ஒரு மயிரிழை அசையும். அசஞ்சா வெள்ளை வெளிய எட்டிப் பாக்கும். சுத்தி அரை பாயிண்டுல இருந்து ஒரு பாயிண்டு வரைக்கும் வெள்ளையை உள்ள வாங்கு. சோம்பலா இருந்தா அப்படியே விட்டுரு, "அவுட்லைன் எஃபெக்ட்"னு மெர்ச்சண்டைசர்கிட்டச் சொல்லிப் பாரு. அவரு நம்புனாலும் நம்புவாரு. பையர் நம்பமாட்டான்.

ஹாஃப்டோனை 85 லைன்ல வெச்சிருக்கறே. பொஸ்தகம் அச்சடிக்கப் போறயா என்ன? புள்ளி சல்லடைக் கண்ணை விடப் பொடிசா இருந்தா சல்லடை மேல எப்படித் தங்கும்? லைன் கணக்கை நாலு, அஞ்சு மடங்கு பெருக்கிப் பாரு, அத்தன மெஷ் வேணும். 45-லயோ 55-லயோ நில்லு. 55-ன்னா 220-க்குக் கொறையாம மெஷ் கேளு. புள்ளியோட சாய்மானத்தை 22.5 டிகிரியில வையி. மெஷ் நூலு குறுக்கும் நெடுக்குமா ஓடுது. புள்ளியும் அதே போக்குல போனா, மொகத்துல கொசுவலை போத்துன மாட்டக் கட்டங்கட்டமா வந்துரும். இங்க்கு வேற துணியில எறங்குனதும் பரவும். ஸ்கிரீன்ல பாதி சாயல்னு நீ வெச்சது, பனியன்ல முக்காலாத்தான் தெரியும். அதனால கொஞ்சம் வெளுப்பாவே வையி.

படம் எங்க கெடைச்சுது? வாட்ஸ்அப்பா! நெனச்சேன். 1600 பிக்சல் படம், 300 டிபிஐ-ல 5 இஞ்சு சொச்சத்துக்குத்தான் காணும். நீ மாருல 12 இஞ்சுக்கு இழுத்திருக்கறே. ஓரமெல்லாம் ஈறும் பேனுமா ஊருது பாரு. அந்த ஈறுக்கெல்லாம் சேத்துத்தான் கலர் எண்ணுனயா? கபடி டீமு பேரு போட்டிருக்கற எழுத்தையாவது படத்துல இருந்து எடுத்துட்டு, கோரல்லயோ இல்லஸ்ட்ரேட்டர்லயோ புதுசா அடி. அடிச்சுட்டுக் கர்வா மாத்திரு. இல்லாட்டி உன்ற தமிழ் ஃபாண்ட் இல்லாத மெஷின்ல தொறக்கறப்ப, கபடி டீமு பேரு இங்கிலீஷ் எழுத்துல கன்னாபின்னான்னு நிக்கும். தம்பிகளும் அதைப் போட்டுட்டு வெளையாடுவாங்க, ஏதோ வெளிநாட்டு டீமுன்னு நெனச்சுக்குவோம்.

அப்பறம், ஃபிலிம் எல்லாமே கருப்பா வரோணும். செவப்புக்கு செவப்பா, பச்சைக்குப் பச்சையாப் பிரிண்டு போட்டுட்டு வந்து என்னைய சிரிக்க வெக்காதே. வெளிச்சம் பட்ட எமல்ஷன் கெட்டியாகும், மறைச்ச எடம் தண்ணியில கரைஞ்சு வழி விடும். மறைக்கறதுதான் ஃபிலிமோட வேலை. எந்த ஃபிலிம் எந்தக் கலர்னு ஓரத்துல பேரு எழுது, அது போதும்.

சரி, கருப்பு ஃபிலிமைத் தூக்கிட்டயா? அட, அந்த நாலு மூலையில இருந்த கூட்டல் குறி எங்க போச்சு? கருப்புலயே போட்டிருந்தயா? அப்பக் கருப்போட அதுவும் போச்சு. ரிஜிஸ்ட்ரேஷன்னு ஒரு ஸ்வாட்ச் வெச்சிருக்கறானே, அதுல போடு சாமி, எல்லா ஃபிலிம்லயும் விழும். இல்லாட்டி ஒண்ணு மேல ஒண்ணு எங்க உக்காரறதுன்னு தெரியாம டேபிள்காரன் உன்ற ஊட்டு அட்ரஸ் கேட்டுட்டு இங்கதான் வருவான். நானும் வயசானவன், உன்னையக் காப்பாத்த எத்தன நேரம் பொய் சொல்ல முடியும்?